மூன்றாம் மாடியின் பொலிவு அலுவலர்

சந்தனமாரி ஜவுளி மாளிகையில் பொலிவு குறைந்துவிட்டது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து மணி பதினான்கு நிமிடம் வரை எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஜவஹர். தியாகராய நகரில் ஐந்து மாடிக் கடை வைத்திருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சியின் இளைய மகன். ஆஸ்திரேலியாவில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. நிர்வகிக்க ஏதாவது கிடைக்காதா என்று மாடி மாடியாகத் தேடிக்கொண்டிருந்தவர். அன்று காலை கைப்பேசியைத் திறந்தபோது ஒரு வாடிக்கையாளர் இரண்டே நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்: ‘சேலை அழகு. ஆனால் அதைத் தோளில் போட்டுக் காட்டிய பெண் ரொம்பவும் களைத்துப்போயிருந்தாள். அவள் மேல் கிடந்ததால் சேலையும் களைத்த மாதிரி தெரிந்தது.’

பதினொரு மணிக்குக் கூட்டம் கூடியது. விற்பனைப் பெண்கள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்கிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாடிக்கு மூன்று ஸ்டூல் வாங்கிப் போட்டதும் தெரியும். உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் என்று அவற்றின் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. இதற்கும் களைப்புக்கும் ஏதேனும் சம்பந்தம் இருக்கலாம் என்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இது களைப்பு இல்ல சார். டெஃபிஷியன்சி” என்றார் அஸ்வின். ராஜா அண்ணாமலைபுரத்தில் சரும ஆரோக்கிய ஆலோசனை மையம் நடத்துபவர். அவர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் விசிட்டிங் கார்டின் மறுபக்கத்திலும் தொடர்ந்தன. “களைப்புன்னு சொன்னா அதுக்குக் காரணம் கம்பெனி. டெஃபிஷியன்சின்னு சொன்னா காரணம் அவங்க உடம்பு. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். வைட்டமின் ஏ கொடுத்தா தோல் மினுமினுக்கும், முடி வளரும், மனசு தெளியும். நான் பல கார்ப்பரேட்ல பண்ணியிருக்கேன்.”

“ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா?” என்று கேட்டார் மனிதவள மேலாளர் ஸ்வர்ணலதா.

“எதுக்கு மேடம்? டெஸ்ட் எடுத்தா சில பேருக்குக் குறையே இல்லன்னு வந்துடும். அப்புறம் அவங்களை எப்படி சரி பண்றது?”

ஜவஹருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். முன்னேற்றத்தை எப்படி அளப்பது? அளக்காவிட்டால் அது தர்மம், அளந்தால்தான் நிர்வாகம். எல்லோரும் யோசித்தார்கள். அதுவரை மூலையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த பொன்ராஜ் அண்ணாச்சி, உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏல, இதுக்கா இம்புட்டு யோசனை? நம்ம முருகையன் இருக்கான்லா.”

முருகையன் மூன்றாம் மாடி பட்டுப் பிரிவின் கடைசியில் இருக்கும் மேட்சிங் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். நாற்பத்தெட்டு வயது, உடன்குடிப் பக்கம். எந்தச் சேலையைக் கொண்டுவந்து விரித்தாலும் அதற்கான ஃபால்ஸ் துணியையும் லைனிங்கையும் பார்த்த மாத்திரத்தில் அடுக்கிலிருந்து உருவிவிடுவார். இருநூற்று நாற்பது நிறத் துண்டுகள் ஒட்டிய ஷேட் கார்டு அவரிடம் உண்டு. வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தத்தான் அதைத் திறப்பார். மயிலாப்பூரிலிருந்து வரும் மாமிகள், “அந்த மேட்சிங்காரர் இன்னிக்கு வந்திருக்காரோல்லியோ? இல்லேன்னா சொல்லுங்கோ, நாளைக்கு வந்துக்கறோம்” என்று லிஃப்ட்டிலேயே விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வாய் உடனே சொல்லிவிடும். நடுவில் மூளைக்கு வேலை இல்லை.

அவரை நிர்வாக அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. அதனாலேயே பாதி சம்மதித்துவிட்டார்.

“ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க” என்றார் அஸ்வின். “நாங்க நிறம் பாக்கல. இந்தக் காலத்துல அது தப்பு. நாங்க பாக்குறது பொலிவு.”

“பொலிவை எதுல சார் பாக்கணும்?”

“உங்க ஷேட் கார்டுலதான்.”

“அதுல நிறம்தான சார் இருக்கு?”

“எண் இருக்குல்ல? எண்ணை மட்டும் பாருங்க. எண் குறையக் குறைய பொலிவு கூடுது.”

முருகையன் ஷேட் கார்டை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒன்றாம் எண் பால் வெள்ளை. இருநூற்று நாற்பது கரி. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்வர்ணலதா ஒரு வெள்ளைக் கோட்டை அவர் மடியில் வைத்தார். பையின் மேல் நீல நூலில் ‘பொலிவு அலுவலர்’ என்று தைத்திருந்தது. கூடவே ஒரு பேனா டார்ச். முருகையன் வாயை மூடிக்கொண்டார்.

மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்குப் போய் மனைவி தேவானையிடம் கோட்டைக் காட்டினார்.

“டாக்டராயிட்டியளா?”

“சும்மா இரி. பொலிவு பாக்கணுமாம்.”

“யாருக்கு?”

“கடையில நிக்க பிள்ளையளுக்கு. மூஞ்சிக்குப் பக்கத்துல ஷேட் கார்டை வச்சு எத்தனாம் நம்பர்னு எழுதணும்.”

தேவானை கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க சித்தி என் கையப் பிடிச்சு வெயில்ல காட்டிப் பாத்தாவள்லா, அந்த வேலையா? அதுக்குக் கோட்டு வேற குடுத்திருக்கானுவளா?”

முருகையனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாள் காலை அவர் கோட்டைத் தானே இஸ்திரி போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்குத் திட்டம் தொடங்கியது. மூன்றாம் மாடியில் இருபத்தாறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். மாத்திரைப் பெட்டிகளை உறை பிரிக்காத ஸ்டூல்களின் மேல் அடுக்கியிருந்தார்கள். மூன்று வருடத்தில் ஸ்டூல்களுக்குக் கிடைத்த முதல் வேலை. முதலில் இறைவணக்கம். பிறகு உறுதிமொழி. ‘என் தோல் என் நிறுவனத்தின் வாசல். அதைப் பளபளப்பாக வைத்திருப்பது என் கடமை’ என்று ஸ்வர்ணலதா சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு மாத்திரை, கால் வடை.

வடை எதற்கு என்பதை அஸ்வின் விளக்கினார். வைட்டமின் ஏ கொழுப்பில்தான் கரையுமாம். வெறும் தண்ணீரில் விழுங்கினால் சேராதாம்.

“கொழுப்புல கரையுமா?” என்றாள் மணிமொழி, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நமக்குத்தான் ஒடம்பு பூரா கொழுப்புன்னு சூப்பர்வைசர் டெய்லி சொல்லிகினு கீறாரே. அப்பால தனியா வடை இன்னாத்துக்கு?”

மணிமொழிக்கு இருபத்தாறு வயது. சைதாப்பேட்டையில் ஆற்றோரமாகப் பிறந்து வளர்ந்து, கல்யாணமான மறுவருடம் வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்கு மாற்றப்பட்டவள். இரண்டு பஸ் மாறி வருகிறாள். பட்டுப் பிரிவில் அவளைப் போல் விற்பவர் இல்லை. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, “பாருக்கா, என் மூஞ்சிக்கே இது இப்புடி கீதுன்னா ஒன் மூஞ்சிக்கு எப்புடி இருக்கும்னு யோசி” என்று ஆரம்பித்தால், வாங்காமல் எழுந்தவர்கள் குறைவு.

விழுங்கியதும் முருகையன் டார்ச்சோடு வருவார். “ஆ காட்டும்மா.” ஆ காட்டுவார்கள். அவர் நோட்டில் டிக் போடுவார். பிறகு எண்.

எண் எடுப்பதில்தான் சிக்கல் வந்தது. கன்னத்தில் விரல் படக்கூடாது என்று ஸ்வர்ணலதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்களின் கண்ணியம் முக்கியம் என்பதால், துணி அளக்கும் மீட்டர் கட்டையின் நுனியில் ஷேட் கார்டைக் கிளிப் போட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று முகத்துக்கு நேரே நீட்ட ஏற்பாடாயிற்று. டியூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்று முருகையன் தெரியாத்தனமாகச் சொல்லிவைத்தார். மேட்சிங் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், சந்தேகமான நிறத்தை வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜவஹர் அதை உடனே விதியாக்கிவிட்டார்.

ஆக, திங்கட்கிழமை தோறும் ஒன்பதரைக்குப் பட்டுப் பிரிவுப் பெண்கள் கடை வாசலில் வெயிலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இறங்கிவரும் கூட்டம் முழுக்க நின்று பார்த்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கட்டையை நீட்டி, “எழுபத்தாறு... எண்பத்தொண்ணு... எழுபத்தொன்பது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

“திருட்டுக் கேஸா சார்?” என்று ஒருவர் கேட்டார்.

கூடை வைத்திருந்த ஓர் அம்மாள், ரவிக்கைத் துணி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வரிசையின் கடைசியில் வந்து நின்றுகொண்டார். முருகையன் அதே வேகத்தில் அவருக்கும் கட்டையை நீட்டி, “முப்பத்தெட்டு” என்றுவிட்டார். ஜவஹர் அந்த அம்மாளிடம் வேலைக்கு வர விருப்பமா என்று விசாரித்தார்.

மணிமொழிக்கு எண்பத்து நான்கு விழுந்தது. கார்டில் அதன் பெயர் ‘காப்பி டார்க்’.

“இன்னாண்ணே, பத்து வருசமா ஒரே டீக்கடையில நின்னு டீ குடிச்சோம்” என்றாள் அவள். “நான் காப்பின்னு ஒனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். முருகையனும் சிரித்தார். எதிர்ச்சாரியில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு நின்ற பெண் தேவானையாக இருந்துவிடக்கூடாதே என்று இரண்டு தரம் பார்த்தார்.

நான்கு வாரம், நான்கு மாத்திரை. மாதக் கடைசியில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. மாறாது என்று முருகையனுக்கு முதல் நாளே தெரியும். சாயம் போட்ட துணி வெளுக்கும். மனிதத் தோல் மாத்திரையில் வெளுக்குமா? ஆனால் ஸ்வர்ணலதா ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். மூன்று எண்ணாவது குறையாதவர்கள் பட்டுப் பிரிவிலிருந்து கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். அது தண்டனை அல்ல, தோலுக்கு ஓய்வு. கிடங்கில் ஜன்னல் கிடையாது, ஆகவே வெயில் படாது.

முருகையன் பேனாவை எடுத்தார். எண்பத்து நான்கை எண்பது ஆக்கினார். எழுபத்தொன்பதை எழுபத்தைந்து ஆக்கினார். இருபத்தாறு பேருக்கும் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தார். கூடவே, தான் அலுவலராக இருக்கும் மாடியில் பொலிவு கூடியிருப்பதைக் கூட்டத்தில் வாசிக்கும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இந்த இரண்டில் எது எவ்வளவு என்று அவரிடம் கேட்டால், ஷேட் கார்டு இல்லாமல் சொல்ல முடியாது.

அறிக்கையைப் பார்த்த ஜவஹர் எழுந்து நின்று கைதட்டினார்.

“வாரத்துக்கு ஒண்ணுலயே நாலு பாயிண்ட்!” என்றார். “அப்ப தினம் ஒண்ணு கொடுத்தா?”

முருகையன் இதை யோசித்திருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் மாத்திரை. பத்தாவது நாள் உதடுகள் உரிய ஆரம்பித்தன. சிலருக்குத் தலைவலி. ஒருத்திக்குச் சீப்பில் கொத்தாக முடி வந்தது. அஸ்வினைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் ஒவ்வோர் உதடாகப் பார்த்து மகிழ்ந்தார்.

“பழைய தோல் ராஜினாமா பண்ணுது. நல்ல சகுனம். தலை வலிக்குதுன்னா நச்சு வெளியேறுது.”

“முடியும் ராஜினாமா பண்ணுது சார்” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“பழைய முடிதானே? கூந்தலுக்கும் ஒரு புதுத் தலைமுறை வேணும்.”

நிர்வாகத்தினரும் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று அண்ணாச்சி ஒருநாள் மகனிடம் கேட்டார். தேவைப்படவில்லை, நிர்வாக மாடியில் பொலிவு இயல்பாகவே இருக்கிறது என்று ஜவஹர் சொன்னார். அங்கே நாற்காலிகளும் இருந்தன என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாத்திரைப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது என்று. முருகையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஸ்வர்ணலதாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

“நம்ம நிறுவனத்துல கர்ப்பிணிகளே இல்ல.”

“இருநூறு பொம்பளைப் பிள்ளைய இருக்கே மேடம்.”

“இருக்காங்க. ஆனா மகப்பேறு முன்னறிவிப்புப் படிவம் நாலு வருஷமா ஒருத்தர்கூட கொடுக்கல. கொடுத்தா உடனே கிடங்குக்கு மாத்தி, வேலைப்பளுவைக் குறைக்க நாங்க தயாரா இருக்கோம். யாரும் அந்தச் சலுகையை விரும்பலன்னா அது எங்க தப்பா?”

அதற்கு நான்கைந்து நாள் கழித்து, டீக்கடையில் மணிமொழி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். ஒனக்குள்ளாறயே வச்சுக்க. நான் முழுகாம கீறேன். ரெண்டு மாசம் தாண்டிடுச்சு.”

முருகையன் கையில் இருந்த வடையைக் கீழே வைத்தார். கல்யாணமாகி ஆறு வருடம் என்பதும், நடுவில் இரண்டு தடவை கலைந்து போனதும் அவருக்குத் தெரியும். ஒரு தடவை கடையிலேயே ஆனது. அவர்தான் ஆட்டோ பிடித்தார்.

“நேத்து எங்கம்மா வூட்டாண்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். வூட்டத்தான் பெரும்பாக்கத்துக்குத் தூக்கினாங்கோ, நர்சக்கா சைதாப்பேட்டையிலதான கீது. இன்னா மாத்திரை சாப்புடறன்னு கேட்டுச்சு. வைட்டமின் ஏ-ன்னேன். எத்தினி பவருன்னு கேட்டுச்சு. எனக்கு இன்னா தெரியும், பிச்சுக் கையில குடுக்கறாங்கோ, முழுங்குறோம். அட்டையக் கொண்டான்னு சொல்லிச்சு. டாக்டர் பாக்குறதுக்குள்ள ஒண்ணுகூட முழுங்கக் கூடாதாம். கொழந்தைக்கு ஆவாதாம்.”

“படிவம் குடுத்திரும்மா.”

“குடுத்தா கெடங்கு. அங்க மூட்டை தூக்கிதான் போன தபா போச்சு.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ ஒண்ணும் செய்ய வேணாண்ணே. டார்ச் அடிக்கசொல்ல நாக்குக்கு அடியில அடிக்காத. அவ்ளோதான்.”

“சரிம்மா” என்றார் முருகையன்.

ஒன்பது நாள் அதைச் சரியாகச் செய்தார். அவள் ஆ காட்டுவாள். அவர் கடைவாய்ப் பல்லைப் பார்த்து டிக் போடுவார். அவள் வடையை மட்டும் விழுங்கிவிட்டு, மாத்திரையை மேட்சிங் கவுண்டரிலிருந்து எடுத்த லைனிங் வெட்டுத் துண்டில் துப்பிச் சுருட்டிப் போடுவாள். அந்த ஒன்பது நாளும் முருகையன் கோட்டு போட்டதிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டார். அட்டையைத்தான் எடுக்க முடியவில்லை. பெட்டிகள் எண்ணிப் பூட்டப்பட்டிருந்தன, சாவி ஸ்வர்ணலதாவிடம்.

பத்தாவது நாள் பொலிவுப் பெருவிழா வந்தது.

மூன்றாம் மாடியில் மேடை, வாழைமரம், உள்ளூர் தொலைக்காட்சி. முருகையனின் கோட்டில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்கள். அஸ்வின் பேசினார். “இந்தப் பெண்களைப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவங்க வெறும் ஊழியர்கள். இன்னிக்கு இவங்க டேட்டா.” பலத்த கைதட்டல். ஸ்வர்ணலதா பேசினார். “நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விழுங்காதவர்கள் பட்டியலை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.” ஜவஹர் பேசினார். வரும் மாதத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை என்றார். பிறகு முருகையனுக்குப் பொன்னாடை போர்த்தி, ‘நிறுவனத்தின் கண்’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை வாங்கியபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை அவரால் மறுக்க முடியாது. பிறகு பல நாள் அவரை வதைத்தவற்றில் அந்தக் குளிர்ச்சியும் ஒன்று.

அடுத்தது செயல்விளக்கம். கேமராவுக்காக ஐந்து பெண்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். விற்பனையில் முதல் இடம் என்பதால் மணிமொழி நடுவில். அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கிவந்து முருகையனின் தோளில் கைபோட்டு நின்றார். ஐவரும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்கள். முருகையன் டார்ச்சோடு நகர்ந்தார். ஒருத்தி, இரண்டு பேர். மூன்றாவது மணிமொழி. ஆ காட்டினாள். கேமராக்காரர் தன் பெரிய விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பினார். நாக்கின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி மின்னியது.

“பிள்ளை முழுங்கிட்டாளால?” என்று அண்ணாச்சி வாஞ்சையாகத்தான் கேட்டார். மாத்திரை தொண்டையில் சிக்கிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

“நாக்குக்கு அடியில இருக்கு அண்ணாச்சி.”

இருபத்திரண்டு வருடப் பழக்கம். இது என்ன நிறம் என்று கேட்டவுடன் எண் வந்து விழுவதுபோல் வந்து விழுந்துவிட்டது. மைக் வழியாக மாடி முழுக்கக் கேட்டது. வாழைமரத்தடியில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

அண்ணாச்சி தானே ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டினார். “கூச்சப்படாத தாயி. முழுங்கு. ஒன் நல்லதுக்குத்தான்.”

மணிமொழி தம்ளரை வாங்கினாள். முருகையனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டினார்கள்.

விழா முடிந்து கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கியவளை முருகையன் பொன்னாடையோடு துரத்திப் போனார். “மணி, தெரியாம...”

“வுடுண்ணே” என்றாள் அவள், திரும்பாமல். “கேட்டாங்கோ, சொன்ன. ஒன் வேலைய நீ பாத்த.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெறும் தகவலாகச் சொன்னாள்.

மறுநாள் மணிமொழி வரவில்லை. முருகையன் கோட்டைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு நிர்வாக அறைக்குப் போனார். ஜவஹர், ஸ்வர்ணலதா, அஸ்வின் மூவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

“எண்ணெல்லாம் பொய் சார். யாருக்கும் எதுவும் மாறல. பாவமேன்னு நான்தான் குறைச்சு எழுதினேன். இதை நிறுத்திருங்க.”

பனகல் பார்க் அருகே புதிதாக வைத்த பேனரில் அந்த எண்கள் ஆளுயரத்துக்கு நின்றன. அஸ்வின் அவற்றைக் காட்டி இன்னும் மூன்று கடைகளில் திட்டத்தை விற்றிருந்தார்.

“மாற்றம் உங்களுக்குத் தெரியலையா?” என்றார் அஸ்வின் மெதுவாக.

“தெரியல சார்.”

“ஆரம்பத்துலேர்ந்தே?”

“ஆரம்பத்துலேர்ந்தே.”

அஸ்வின் எழுந்து வந்தார். முருகையனின் சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்து அவர் கண்ணில் அடித்தார். “நினைச்சேன். வைட்டமின் ஏ குறைஞ்சா முதல்ல அடிவாங்குறது பார்வை. இத்தனை முன்னேற்றம் இவர் கண்ணுக்குத் தெரியலன்னா, குறை எங்க இருக்குன்னு நாமளே புரிஞ்சுக்கலாம்.”

ஸ்வர்ணலதா குறிப்பேட்டில் எழுதியபடியே வாசித்தார்: “பொலிவு அலுவலருக்குப் பார்வைக் குறைபாடு கண்டறியப்பட்டது. இதன்மூலம் திட்டத்தின் அவசியம் மேலும் உறுதியாகிறது.”

“மேடம், மாசமா இருக்கிற பிள்ளைக்கும் குடுத்துட்டு இருக்கோம்.”

“பேர் சொல்லுங்க.”

சொன்னால் கிடங்கு. சொல்லாவிட்டால் மாத்திரை.

“பேர் இல்லன்னா ஆள் இல்ல” என்றார் ஸ்வர்ணலதா.

அவருக்கு அங்கேயே இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். அலுவலர் என்பதால் அரை வடை. அவர் அவற்றை வீசி எறிந்திருக்கலாம். எறியவில்லை. விழுங்கினார். ஸ்வர்ணலதா டார்ச்சை வாங்கி, “ஆ காட்டுங்க” என்றார். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் முன்னால், முருகையன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். இருபத்தாறு பெண்கள் இதைத் தினமும் தனக்குச் செய்திருக்கிறார்கள் என்பது, வாய் திறந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

அவர்கள் தங்கள் முடிவில் மகிழ்ந்திருந்த நேரத்தில், மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை அவர் கோட்டுக்குள் சுருட்டினார். தன் நோட்டையும் எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் திருட்டு.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு சைதாப்பேட்டைக்குப் போனார். நர்சக்கா வேலை பார்க்கும் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். பெஞ்சில் மணிமொழி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள்; பக்கத்தில் இடம் விடவில்லை. அவர் தூணோரமாக நின்றார். அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் பின்னாலேயே போய் மேசையில் அட்டையை வைத்தார்.

நர்ஸ் அஸ்மத்துன்னிசா அட்டையைத் திருப்பிப் படித்தார். முகம் மாறியது. “இதையா தினம் கொடுத்தாங்க?” என்றார். பிறகு நிமிர்ந்து, “இவரு யாரும்மா? வீட்டுக்காரரா?” என்று கேட்டார்.

மணிமொழி ஜன்னலைப் பார்த்தாள். “அவரையே கேளுங்கக்கா.”

“நீங்க யாருங்க?”

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். பத்து வருடம் அப்படித்தான் கூப்பிட்டாள். வாய்வரை வந்தது. சொல்லத் துணியவில்லை.

“இவங்க மாத்திரைய முழுங்கினாங்களான்னு வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்குறவன்மா.”

நர்ஸ் அவரைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற நான்கைந்து பெண்களும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“அதுக்கு ஒரு ஆளா” என்றார் நர்ஸ், கேள்வியாக அல்லாமல். பேனாவை எடுத்தார். “மொத்தம் எத்தனை மாத்திரை? டாக்டரம்மா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அதைப் பாத்துத்தான் ஸ்கேன் எப்ப எடுக்கணும்னு சொல்லுவாங்க. சரியா சொல்லணும்.”

முருகையன் நோட்டைத் திறந்தார். மணிமொழி என்ற பெயருக்கு நேரே முப்பது டிக் இருந்தது. எல்லாம் அவர் கையெழுத்து.

“இதுல முப்பது இருக்கு. அது தப்பு. இருபத்தொண்ணு.” நோட்டை மூடினார். “இருபது, தெரியாம அவங்களா முழுங்கினது. ஒண்ணு, தெரிஞ்சப்புறம் நான் முழுங்க வச்சது.”

நர்ஸ் படிவத்தில் 21 என்று எழுதினார். பிரித்து எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.